மழையிலும் காற்றிலும் சைக்கிள் ஓட்டும்போது கண்ணைக் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழையோ காற்றோ, நான் சைக்கிளில்தான் போய் வருகிறேன். கூட ஓட்டுகிறவர்களும் புதிதாகச் சைக்கிள் வாங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது கண்ணைப் பற்றித்தான். பிரேக், டயர், விளக்கு என்று மற்றதற்கெல்லாம் பதில் சொல்ல யாராவது இருக்கிறார்கள். கண் என்று வந்தால் மட்டும் "ஒரு கண்ணாடி போட்டுக்கோ" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். நான் கண் மருத்துவர் இல்லை. எந்த இடத்தில் நம் கைவைத்தியம் நின்று டாக்டரிடம் போக வேண்டும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன். அதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

மழைத் தண்ணீர்தானே, கண்ணில் பட்டால் என்ன ஆகிவிடும்?

மேலேயிருந்து விழும் துளியால் கண்ணுக்குப் பெரிய கெடுதல் கிடையாது. ஆனால் துளி பட்டதும் இமை தானாக மூடிக்கொள்ளும். எவ்வளவு பழகினாலும் அதைத் தடுக்க முடியாது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் கடந்துவிடுகிறார். கண் சுருங்கி, இமை படபடத்து, மறுபடி பார்வை தெளிய ஒரு நொடி ஆனால்கூட ஒரு காரின் நீளத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம். தண்ணீர் நிறைந்து தெரியாமல் கிடக்கும் குழிக்கு அவ்வளவு தூரம் போதும்.

அப்புறம், முகத்தில் அடிப்பதெல்லாம் மழை இல்லை. சக்கரங்கள் சாலையிலிருந்து வாரி அடிக்கும் தண்ணீரில் மண், எண்ணெய், சாக்கடைக் கசிவு, எலி மற்றும் கால்நடைகளின் சிறுநீர் எல்லாம் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி கண்ணின் மெல்லிய சவ்வு வழியாகவும் உடம்புக்குள் போகக்கூடியது. வானத்துத் தண்ணீர் வேறு, சாலைத் தண்ணீர் வேறு.

காற்றில் ஓட்டினாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. கேட்டால் கண் வறண்டிருக்கிறது என்கிறார்கள். தண்ணீர் கொட்டும் கண் எப்படி வறண்ட கண் ஆகும்?

கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனம்தான். அடியில் வழுவழுப்பான கோழைப்பசை, நடுவில் தண்ணீர், மேலே இமையின் விளிம்பில் உள்ள சுரப்பிகள் விடும் எண்ணெய். அந்த எண்ணெய்தான் தண்ணீர் ஆவியாகாமல் காக்கும் மூடி. எதிர்க்காற்று அடிக்கும்போது ஆவியாவது கூடிப் படலம் அங்கங்கே கிழிகிறது. கருவிழியில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருப்பதால் உடனே உறுத்துகிறது. கண்ணீர்ச் சுரப்பி மடைதிறந்தாற்போல் தண்ணீரை விடுகிறது. அவசரத்துக்கு வரும் இந்தத் தண்ணீரில் எண்ணெயும் பசையும் போதுமான அளவில் இருக்காது. அதனால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். கொஞ்சம் மூக்கின் உள்ளேயும் வடியும். காற்றில் ஓட்டும்போது மூக்கு ஒழுகுவதற்கு ஒரு காரணம் அதுதான்.

இன்னொன்று, சாலையைக் கூர்ந்து பார்க்கும்போது நாம் இமைப்பது குறைந்துவிடுகிறது. காற்று அதிகமுள்ள நாட்களில் நானே நினைவு வைத்துக்கொண்டு, சாலை காலியாக இருக்கும் இடங்களில் முழுசாக நாலைந்து முறை இமைப்பேன். அரைகுறையாக இமைத்தால் பயனில்லை. மேல் இமை கீழ் இமையைத் தொட வேண்டும். கண்ணாடி போட்டு, இப்படி இமைத்தும் வீடு வந்த பிறகு பல மணி நேரம் எரிச்சல் நீடித்தால், பரிசோதித்துக்கொள்வது நல்லது.

கொட்டும் மழையைவிடத் தூறல்தான் கண்ணைப் பாடாய்ப் படுத்துகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். இதற்குக் காரணம் தெரிந்தபோதுதான் எனக்குத் தொப்பியின் அருமையும் அதன் எல்லையும் புரிந்தன.

பெரிய மழைத்துளி நொடிக்கு சுமார் 9 மீட்டர் வேகத்தில் இறங்குகிறது. அரை மில்லிமீட்டர் தூறல் துளியின் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர்தான். நாம் நொடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் முன்னே போகிறோம். அப்படியென்றால் பெரிய துளி நம் முகத்துக்கு ஏறக்குறைய மேலிருந்து, செங்குத்திலிருந்து முப்பது டிகிரி சாய்வில் வருகிறது. புருவமும் தொப்பியின் முன்மடலும் அதைப் பிடித்துவிடும். தூறல் துளியோ எழுபது டிகிரி சாய்ந்து, கிட்டத்தட்டப் படுக்கைவசமாக வருகிறது. முன்மடலுக்குக் கீழே புகுந்து நேராகக் கண்ணில் விழும். எதிர்க்காற்றும் சேர்ந்துகொண்டால் பெரிய துளியும் ஐம்பது டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும்.

அதனால் "லேசான தூறல்தானே" என்று கண்ணாடியைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். கண்ணாடி மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான். வேகத்தைக் குறைப்பதும் உதவும். மணிக்கு 12 கிலோமீட்டருக்கு இறங்கினால் துளி வரும் சாய்வும் குறைகிறது, அடியின் வேகமும் குறைகிறது.

அப்போ தொப்பியே வேண்டாமா?

வேண்டும். தொப்பி, கண்ணாடி இரண்டும் சேர்ந்தால்தான் நன்றாக இருக்கும். ஹெல்மெட்டுக்கு அடியில் போடும் மெல்லிய துணித் தொப்பியின் சிறு முன்மடல், கண்ணாடியின் மேல் பாதியை நனையாமல் காக்கும். பெரிய துளி விழும்போது கண்ணாடி சுத்தமாக இருக்கும். தூறல் வரும்போது கண்ணாடி கண்ணைக் காக்கும். தொப்பி தடிமனாக இருந்து ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராமல் போனால் மட்டும் அதை விட்டுவிடுங்கள். ஹெல்மெட்டிலேயே முன்மடல் வைத்த மாடல்களும் உண்டு. பலத்த காற்றில் நீளமான முன்மடல் ஹெல்மெட்டையே பின்னுக்குத் தள்ளும். குட்டையானதே மேல்.

என்னிடம் ஏற்கெனவே நல்ல கூலிங் கிளாஸ் இருக்கிறது. அதையே போட்டுக்கொள்ளலாமா?

வெயிலுக்குப் போடுங்கள். மழை மேகம் கவிந்திருக்கும்போது வேண்டாம். சன்கிளாஸ்களை உள்ளே விடும் ஒளியின் அளவைப் பொறுத்து 0 முதல் 4 வரை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். கடையில் கிடைக்கும் சாதாரண கூலிங் கிளாஸ் பெரும்பாலும் 3-ஆம் வகை. 8 முதல் 18 சதவீத ஒளிதான் உள்ளே வரும். 0-ஆம் வகை 80 சதவீதத்துக்கு மேல் விடும். மழைக்கு வேண்டியது 0 அல்லது 1. சுருக்கமாக, நிறமே இல்லாத கிளியர் கண்ணாடி. 4-ஆம் வகையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

நிறமில்லை என்றால் புற ஊதாக் கதிரைத் தடுக்காதே என்று சிலர் தயங்குகிறார்கள். பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸ் நிறமில்லாமலேயே புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். கருமைக்கும் அந்தத் தடுப்புக்கும் சம்பந்தமில்லை.

சரி, வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் லென்ஸ் பாலிகார்பனேட்டா என்று கேளுங்கள். உடைந்து சில்லாகத் தெறிக்காது. வேலைத்தளங்களில் போடும் பாதுகாப்புக் கண்ணாடிகளும் சைக்கிளுக்கு நன்றாகவே உதவும். அவற்றின் சட்டத்தில் இஸட் 87+ என்ற குறியோ, இஎன் 166 என்ற எண்ணும் எஃப் என்ற எழுத்துமோ பொறித்திருக்கும். இரண்டுமே, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை நொடிக்கு சுமார் 45 மீட்டர் வேகத்தில் எறிந்து சோதித்தவை. எதிரே போகும் வண்டியின் டயர் தெறிக்கும் சிறு கல்லுக்கு இது போதும்.

அடுத்தது முகத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பது. நான் செய்யும் சோதனை எளிமையானது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசை விசிறியின் முன்னால் நில்லுங்கள். நேராக, பிறகு தலையை வலம் இடம் திருப்பி, பிறகு சற்றுக் குனிந்து. எந்த இடுக்கில் காற்று புகுந்து கண்ணில் சில்லென்று படுகிறதோ, அந்த இடுக்கு வழியாகத்தான் நாளைக்குத் தூசியும் வரும். அதே சமயம் கண் இமை முடி லென்ஸில் உரசக்கூடாது. உரசினால் ஒவ்வொரு இமைப்பிலும் எண்ணெய்க் கோடு விழும், ஆவியும் சீக்கிரம் படியும். ஒரு விரல் நுனி நுழையும் இடைவெளி கன்னத்துப் பக்கம் இருக்கலாம். புருவத்துப் பக்கம் இருக்கக்கூடாது. வியர்வையும் மழையும் இறங்குவது அங்கேதான்.

மஞ்சள் கண்ணாடி போட்டால் மழையில் எல்லாம் பளிச்சென்று தெரியுமாமே?

பகலில் மேகமூட்டமாக இருக்கும்போது மஞ்சள் லென்ஸில் காட்சி கூர்மையாக இருப்பதுபோல் படும். பலருக்குப் பிடித்திருக்கிறது. பகலில் போட்டுக்கொள்வதில் தவறில்லை. இரவில் வேண்டாம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், எதிர் விளக்கின் கூச்சத்தில் பாதசாரியைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி உதவவில்லை என்றுதான் தெரிந்தது. எந்த நிறமாக இருந்தாலும் அது ஒளியில் ஒரு பங்கைக் குறைக்கத்தான் செய்யும். இருட்டில் நமக்குக் கிடைப்பதே கொஞ்சம் ஒளி.

போலரைஸ்டு, போட்டோகுரோமிக் என்று இருக்கிறதே, அதில் எது நல்லது?

போலரைஸ்டு லென்ஸ் ஈரச் சாலையின் மினுமினுப்பைக் குறைக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சைக்கிள்காரருக்கு அந்த மினுமினுப்பே ஒரு தகவல். ஈரமான இரும்பு மூடி, எண்ணெய் சிந்திய இடம், தண்ணீர் தேங்கிய பள்ளம் எல்லாம் பளபளப்பை வைத்துத்தான் தூரத்திலேயே தெரியும். அது மறைந்தால் வழுக்கும் இடமும் மற்ற சாலையும் ஒரே மாதிரி ஆகிவிடும். ஹேண்டில்பாரில் மாட்டிய போன் திரையும் சில கோணங்களில் கறுத்துத் தெரியும். மழைக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

போட்டோகுரோமிக், அதாவது வெயிலில் கறுத்து நிழலில் வெளுக்கும் லென்ஸ், வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நாளுக்கு வசதி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குளிரில் அது அதிகம் கறுக்கும், வெளுக்கவும் நேரம் பிடிக்கும். வெளிச்சத்திலிருந்து சுரங்கப் பாதைக்குள் நுழைந்தால், லென்ஸ் தெளிவதற்குள் நீங்கள் அந்தப் பக்கம் வெளியே வந்திருப்பீர்கள். நுழையும் முன் கண்ணாடியை மூக்கில் சற்றுக் கீழே இறக்கி, மேலாகப் பாருங்கள்.

கண்ணாடி போட்டால் அதன்மேல் துளி படிந்து ஒன்றுமே தெரியவில்லை. கழற்றிவிட்டு ஓட்டுவதுதான் எனக்குச் சௌகரியம். தப்பா?

நியாயமான கேள்வி. ஒன்றும் தெரியாத கண்ணாடியும் ஆபத்துதான். கழற்றும் முன் இதையெல்லாம் செய்து பாருங்கள். மேலே சொன்ன தொப்பியின் முன்மடலோடு போடுங்கள். லென்ஸின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் ஒட்டாத பூச்சு உள்ளதா என்று பாருங்கள். அதில் துளி உருண்டையாக நின்று, காற்றில் ஓடிவிடும். பூச்சு இல்லாத, விரல் ரேகையும் எண்ணெயும் படிந்த லென்ஸில் துளி பரந்து அப்பிக்கொள்ளும். பல நேரம் சோப்புத் தண்ணீரில் ஒருமுறை நன்றாகக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

ஓடும்போது விரலால் துடைக்காதீர்கள். கையுறையில் மண் இருக்கும், லென்ஸ் கீறிப்போகும். தலையைப் பக்கவாட்டில் சட்டென்று ஒரு சிறு உதறு உதறினால் துளிகள் ஓரத்துக்கு ஓடும். அதுவும் போதாத அளவுக்கு மழை கொட்டினால், கண்ணாடியை மூக்கில் இறக்கி மேலாகப் பாருங்கள். கீழிருந்து வரும் சாலைத் தண்ணீரையாவது அது பிடித்துக்கொள்ளும். அப்படியும் முடியவில்லை என்றால் ஓரமாக நின்றுவிடுங்கள். கண்ணாடி இருந்தாலும் தெரியவில்லை, கழற்றினாலும் தெரியவில்லை என்றால் ஓட்டுவதற்குரிய மழை அதுவல்ல.

ஓடும்போது நன்றாக இருக்கிறது. சிக்னலில் நின்றதும் உள்ளே ஆவி படிந்து மூடிவிடுகிறது. என்ன செய்வது?

ஓடும்போது காற்று லென்ஸின் பின்னால் புகுந்து ஈரத்தை வெளியேற்றுகிறது. நின்றதும் அந்தக் காற்று நின்றுபோகிறது. முகமோ அப்போதுதான் அதிகம் சூடாக இருக்கிறது. அந்த வெதுவெதுப்பான ஈரக்காற்று, மழையில் குளிர்ந்த லென்ஸில் பட்டதும் பொடித் துளியாகப் படிகிறது. நிற்கும்போது கண்ணாடியை ஓர் அங்குலம் முன்னே இழுத்து வைத்துக்கொள்வதே எளிய வழி. கிளம்பியதும் திரும்பத் தள்ளிக்கொள்ளலாம். வாயையும் மூக்கையும் மூடும் துணி கட்டியிருந்தால் மூச்சு மேல்நோக்கிப் போய் நேராக லென்ஸில் முட்டும். துணியின் மேல் விளிம்பை மூக்குத் தண்டில் இறுக்குங்கள், அல்லது மூக்குக்குக் கீழே இறக்குங்கள்.

உள்பக்கத்துக்கு வேண்டிய பூச்சு, வெளிப்பக்கத்துக்கு நேர் எதிரானது. வெளியே தண்ணீர் உருண்டு ஓட வேண்டும். உள்ளே தண்ணீர் துளியாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும், அப்போதுதான் ஊடே பார்க்க முடியும். ஆவி படியாமலிருக்க விற்கும் ஸ்பிரே செய்வது அதைத்தான். அவசரத்துக்குப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரு சொட்டை உள்பக்கம் தேய்த்து, தண்ணீர் விட்டு அலசி, துடைக்காமல் காயவிடலாம். அலசாமல் விட்டால் மழையில் கரைந்து கண்ணில் இறங்கி எரியும். லென்ஸில் ஏற்கெனவே ஆவித் தடுப்புப் பூச்சு இருந்தால் இதையெல்லாம் தேய்க்க வேண்டாம், பூச்சு போய்விடும்.

நான் பவர் கண்ணாடி போடுகிறவன். அதுவே போதாதா?

ஒன்றும் இல்லாததற்கு எவ்வளவோ மேல். ஆனால் சாதாரணப் பவர் கண்ணாடி தட்டையாக, ஓரங்களில் திறந்து இருக்கும். பக்கக்காற்று தாராளமாக உள்ளே வரும். அதற்கு மேலேயே போட்டுக்கொள்ளும் அகலமான பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கிறது, செலவும் குறைவு. இரண்டு லென்ஸ் என்பதால் ஆவி படிய நான்கு பரப்புகள் ஆகிவிடும் என்பதுதான் குறை. சைக்கிள் கண்ணாடியின் உள்ளே பவர் லென்ஸை மாட்டும் வகையும் உண்டு. பவரையே வளைந்த லென்ஸில் செய்து வாங்கலாம். பவர் அதிகமென்றால் ஓரங்களில் காட்சி கொஞ்சம் நெளியும். சில நாள் காலியான சாலையில் பழகிய பிறகு நெரிசலுக்குள் போங்கள். எதைச் செய்தாலும் லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். நிஜக் கண்ணாடி லென்ஸோடு சைக்கிளில் விழக்கூடாது.

கான்டாக்ட் லென்ஸ் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பார்வைக்கு வசதிதான், பாதுகாப்புக்கு அது எதுவும் செய்யாது. கூடுதல் கவனமும் கேட்கிறது. மென்மையான லென்ஸ் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிர் அதில் ஒட்டிக்கொண்டு கருவிழியைத் தாக்கினால் குணமாக மாதக்கணக்கில் ஆகலாம், பார்வையே போகவும் கூடும். அபூர்வமான நோய்தான். ஆனால் லென்ஸ் போடுகிறவர்களுக்கே அதிகம் வருகிறது.

ஆகவே லென்ஸ் போட்டால் மேலே கிளியர் கண்ணாடி கட்டாயம். சாலைத் தண்ணீர் கண்ணில் அடித்துவிட்டால், போய்ச் சேர்ந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு லென்ஸைக் கழற்றுங்கள். மழைக்காலத்துக்கு ஒரு நாள் போட்டு எறியும் லென்ஸ் நல்லது, அப்படியே தூக்கிப் போட்டுவிடலாம். எந்த லென்ஸையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அகாந்தமீபா அதிலும் இருக்கும்.

மட்கார்டு போடச் சொல்கிறீர்கள். சட்டை நனையாமல் இருக்கத்தானே அது? கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. முன் சக்கரத்தைக் கவனியுங்கள். தரையில் தண்ணீரைத் தொட்ட இடம் பின்பக்கமாக மேலேறி, உச்சிக்கு வந்து, முன்னால் போகிறது. உச்சியில் டயரின் வேகம் சைக்கிளின் வேகத்தைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து விடுபடும் துளிகள் நமக்கு முன்னால் பறக்கின்றன. காற்று அவற்றை நிறுத்துகிறது. நாம் போய் முகத்தால் மோதிக்கொள்கிறோம். விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், சக்கரத்துக்கு முன்னால் துளிகள் எழும்பி ஒரு கணம் அந்தரத்தில் நின்று, அப்படியே முகத்தை நோக்கி வருவது தெரியும். முன் மட்கார்டு உச்சியைத் தாண்டி முன்பக்கமாகக் கொஞ்சம் நீண்டிருந்தால் இது நின்றுவிடும். சாலைத் தண்ணீரில் என்னவெல்லாம் இருக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன். கண்ணாடி வாங்கும் முன்பே மட்கார்டைப் போடலாம் என்பேன்.

பின் மட்கார்டு அடுத்தவர் கண்ணுக்கு. வரிசையாக ஓட்டும்போது முன்னால் போகிறவரின் பின் சக்கரம் வீசுவது பின்னால் வருகிறவரின் முகத்துக்குத்தான். அவருக்கு மட்கார்டு இல்லையென்றால் நேர் பின்னால் போகாமல் சற்று ஒதுங்கி, இடைவெளி விட்டுப் போங்கள்.

ரெயின்கோட் தொப்பியை முகம் வரை இழுத்துவிட்டால் கண் நனையாதே?

நனையாது, ஆனால் பக்கம் தெரியாது. ரெயின்கோட்டோடு தைத்த தொப்பி தோளோடு திரும்பும், தலையோடு திரும்பாது. பின்னால் வண்டி வருகிறதா என்று திரும்பினால் தொப்பியின் உள்துணிதான் தெரியும். ஹெல்மெட்டுக்கு அடியில் ஒட்டினாற்போல் போடும் மெல்லிய தொப்பி என்றால் சரி.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை கண் அல்ல, சைக்கிள். கை தானாகக் கண்ணுக்குப் போகும், போக விடாதீர்கள். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும். ஒரு கண்ணில் விழுந்தால் மற்றதும் கலங்கிச் சுருங்கும், அதனால் உங்களுக்கு இருப்பது சில நொடிப் பார்வைதான். திடீரென்று ஒடிக்காமல் நேராகவே போய், வேகத்தைக் குறைத்து, ஓரம் பார்த்து நிறுத்துங்கள். நின்ற பிறகு கண்ணைப் பார்க்கலாம்.

தேய்க்காதீர்கள். மண் துகள் கண்ணில் சும்மா இருக்கும்போது உறுத்துகிறது. தேய்க்கும்போது கருவிழியைக் கீறுகிறது. கருவிழியின் கனமே நடுவில் அரை மில்லிமீட்டர்தான். கண்ணை மெதுவாக மூடி வைத்துக் கண்ணீர் ஊற விடுங்கள், பல நேரம் அதுவே உள்மூலைக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை என்றால் மேல் இமை முடியைப் பிடித்து முன்னே இழுத்து, கீழ் இமையின் மேல் படியும்படி இறக்கி விடுங்கள். கீழ் இமை முடி, மேல் இமையின் உள்பக்கத்தைத் துடைப்பத்தைப்போல் பெருக்கிவிடும். அதற்கும் அசையாவிட்டால் கழுவ வேண்டும். தலையை அந்தக் கண்ணின் பக்கம் சாய்த்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகச் சுத்தமான குடிதண்ணீரை ஊற்றுங்கள். பாட்டிலில் குளுக்கோஸோ வேறு பானமோ கலந்திருந்தால் அதை ஊற்றக்கூடாது. ஒருமுறை உடைத்துப் பயன்படுத்தும் உப்புநீர்க் குப்பி ஒன்றிரண்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், இடமே பிடிக்காது.

விழுந்தது சுண்ணாம்பு, சிமெண்ட் அல்லது ஏதாவது ரசாயனம் என்று சந்தேகம் வந்தால் யோசிக்கவே வேண்டாம். கிடைக்கும் சுத்தமான தண்ணீரில் உடனே கழுவத் தொடங்கி, குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் காரம். அவை கண்ணுக்குள் அரித்துக்கொண்டே போகும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்? சும்மா ஒரு உறுத்தலுக்கெல்லாம் போக முடியுமா?

தூசி வெளியே வந்து, உறுத்தல் சில மணி நேரத்தில் குறைந்துகொண்டே போனால் போக வேண்டாம். லேசான கீறல் ஓரிரு நாளில் தானாக ஆறும். மறுநாளும் வலி இருந்தால், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கூசினால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், சீழ் வந்தால் போங்கள். ஒவ்வொரு இமைப்பிலும் ஒரே இடத்தில் உரசுவதுபோல் இருந்தால் மேல் இமைக்குள் துகள் மாட்டியிருக்கலாம். அதை டாக்டர் இமையைப் புரட்டி ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

சிலவற்றுக்கு மறுநாள் வரை காத்திருக்கக்கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவருக்குச் சிவந்து வலித்தால் அன்றே. கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் அதைத் தொடாமல், பிடுங்காமல் உடனே. கண்ணில் பலமாக அடிபட்ட பிறகு மின்னல்போல் ஒளிக்கீற்று தெரிந்தாலோ, புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ உடனே. காற்றில் ஆடிய கிளையோ இலையோ கண்ணில் அடித்திருந்தால், வலி குறைவாக இருந்தாலும் அலட்சியம் வேண்டாம். செடி கொடியால் படும் கீறலில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும். அது மெதுவாகக் கிளம்பும். சில நாள் கழித்துத்தான் கண் சிவக்கும். டாக்டரிடம் "கிளை அடித்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள், அந்த ஒரு வார்த்தையில் சிகிச்சையே மாறும்.

வீட்டில் போன தடவை எழுதித் தந்த சொட்டு மருந்து மீதி இருக்கிறது. அதையே விட்டுக்கொள்ளலாமா?

தயவுசெய்து வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு குறைந்து கண் சரியானதுபோல் தெரியும், அடியில் பூஞ்சைத் தொற்று வளரும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தும் அப்படித்தான், வலி தெரியாது, புண் ஆறாது. வறட்சிக்கு விடும் செயற்கைக் கண்ணீர் மட்டும் தாராளமாக விடலாம். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள்.

குழந்தையை முன் சீட்டில் வைத்து ஓட்டுகிறேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வருகிறாள். கண்ணாடி போட்டால் பிடுங்கி எறிகிறாள்.

முன் சீட்டில் இருக்கும் குழந்தைதான் காற்றை முதலில் வாங்குகிறது. நமக்குத் தாங்கும் காற்று அவளுக்கும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பின் சீட்டுக்கு மாற்ற முடிந்தால் உங்கள் முதுகே தடுப்பாகிவிடும். முடியாவிட்டால் முன் சீட்டுக்கென்றே சின்னக் காற்றுத் தடுப்புகள் வருகின்றன. கண்ணாடியை முதலில் வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பழக்குங்கள். பின்னால் மென்மையான பட்டை வைத்ததாக, அவள் முகத்துக்கு அளவானதாக இருக்கட்டும். பெரியவர்கள் கண்ணாடி அவள் மூக்கில் நிற்காது, ஓரம் குத்தும். அதனால்தான் பல குழந்தைகள் பிடுங்குகின்றன. காற்று பலமாக உள்ள நாளில் நீங்கள் வேகத்தைக் குறைப்பதே அவளுக்குப் பெரிய உதவி.

கண்ணில் சதை வளர ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். காற்றில் சைக்கிள் ஓட்டியதால்தானா?

வெள்ளை விழியிலிருந்து, பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்து, கருவிழியை நோக்கி முக்கோணமாக வளரும் சதை அது. பல ஆண்டு வெயிலின் புற ஊதாக் கதிர்தான் முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. காற்றும் தூசியும் எரிச்சலைக் கூட்டும். சைக்கிளை விட வேண்டியதில்லை. மேகம் மூடியிருந்தாலும் கண்ணாடியோடு ஓட்டுங்கள், மெல்லிய மேகத்தின் ஊடே புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை இறங்கிவிடும். சதை கருவிழிக்குள் எவ்வளவு வந்திருக்கிறது என்பதை அவ்வப்போது அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

லேசர் செய்து பவரை எடுத்துவிட்டேன். எப்போது மழையில் ஓட்டலாம்?

நாள் கணக்கை உங்களுக்குச் சிகிச்சை செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். எந்த முறையில் செய்தார்கள் என்பதைப் பொறுத்து மாறும். அவர் அனுமதித்த பிறகும் சில மாதங்களுக்குக் கண் வறட்சி இருப்பது சகஜம். பவர் போய்விட்டதால் கண்ணாடிப் பழக்கமும் போய்விடுகிறது என்பதுதான் என் கவலை. இத்தனை நாள் உங்கள் கண்ணை அந்தப் பவர் கண்ணாடி காற்றிலிருந்தும் காத்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் கிளியர் கண்ணாடி வர வேண்டும்.

நல்ல கண்ணாடிதான் வாங்குகிறேன், மூன்றே மாதத்தில் கீறல் விழுந்துவிடுகிறது. ஏன்?

அநேகமாகத் துடைக்கும் விதத்தால். மழையில் வந்த லென்ஸில் பொடி மணல் ஒட்டியிருக்கும். காய்ந்ததும் சட்டை நுனியால் துடைத்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். பாலிகார்பனேட் உடையாது, ஆனால் எளிதில் கீறும். முதலில் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், பிறகு ஒரு சொட்டு சோப்பை விரல் நுனியால் தடவி அலசி, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அசிட்டோன், அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர் எதுவும் படக்கூடாது. நடுவில் கீறல் விழுந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பகலில் தெரியாத கீறல் இரவில் விளக்கு பட்டால் நட்சத்திரமாக வெடிக்கும்.

இரவு, மழை, எதிரே ஹெட்லைட். கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் ஒரு விளக்காகிவிடுகிறது. இதற்கு ஏதாவது வழி உண்டா?

முழுத் தீர்வு கிடையாது, குறைக்க வழி உண்டு. கீறலில்லாத, நிறமில்லாத, கிளம்பும் முன் கழுவிய லென்ஸ். அதன் மேல் தொப்பியின் முன்மடல். எதிர் விளக்கை நேராகப் பார்க்காமல் உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டைப் பாருங்கள். விளக்கு நெருங்கும்போது தலையை ஓர் இம்மி குனிந்தால் முன்மடல் அதை மறைத்துவிடும், கடந்ததும் நிமிருங்கள். உங்கள் சொந்த முன்விளக்கைச் சற்றுக் கீழே சாய்த்து வையுங்கள். உயர்த்தி வைத்தால் அதன் ஒளியே மழைத்துளிகளில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணைக் கூச வைக்கும். ஹெல்மெட்டில் மாட்டும் விளக்கில் இது இன்னும் மோசம், கண்ணுக்குப் பக்கத்திலேயே துளிகள் பளீரென்று எரியும். மழையில் அதை அணைத்துவிட்டு ஹேண்டில் விளக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கு கடந்த பிறகும் சில நொடிகளுக்குக் கண் இருட்டிக்கொண்டுதான் இருக்கும். வயது கூடக் கூட அந்த நொடிகளும் கூடும். அந்த இடைவெளியில் மிதிக்காமல் சும்மா உருள விடுங்கள், விரல்கள் பிரேக்கின் மேல் இருக்கட்டும். சாலையோரக் கோடு மறுபடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு மிதியுங்கள்.